கால் கனக்கும் வாரம்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. அடுப்பில் ஏதாவது இருந்தால் தணித்துவிட்டு வாங்க, நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். சும்மா இருந்து கெட்டவர்களைப் பற்றி ஊரே பேசும். சும்மா இருக்க முடியாமல் கெட்டவளைப் பற்றி இன்றைக்கு நான் சொல்கிறேன். கொஞ்சம் கசக்கும். மருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

பட்டறைக்காரர் வீட்டில் இரண்டு பெண்கள். அப்பா லாரி எஞ்சின் பிரித்து மாட்டுகிறவர். தாய் இல்லாத வீடு. பெரியவள் பெரிய வாலிபால் கிளப் ஒன்றின் கேப்டன். சின்னவளும் ஆடியவள்தான். முட்டி போனதும் படித்து, அதே கிளப்பில் டிரெய்னராக வந்துவிட்டாள். யார் எவ்வளவு குதிக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அளந்து சொல்கிற வேலை. அதனால் டீம் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் தராசு.

போன வருஷம் இறுதி ஆட்டம். கடைசி நாள் வரைக்கும் பெண்களைச் சக்கையாகப் பிழிந்து கூட்டிப்போனார்கள். ஐந்தாவது செட்டில் ஒருத்திக்கும் கால் எழும்பவில்லை. கையில் வந்த கோப்பை கை நழுவியது.

இந்த வருஷம் சின்னவள் கோச்சிடம் மல்லுக்கட்டி, ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தைத் தன் கைக்கு வாங்கினாள். குதிக்கிற குதியெல்லாம் முழுக் குதியாக இருக்கும், அடிக்கிற அடியெல்லாம் முழு அடியாக இருக்கும், ஆனால் எல்லாமே வழக்கத்தில் பாதிக்கும் குறைவு. உடம்பில் மாதக் கணக்கில் சேர்ந்த களைப்பு வடியட்டும், வடிந்தால் உள்ளே இருக்கிற பலம் மேலே வரும். இதுதான் அவள் கணக்கு.

"நடுவுல சில நாள் கால் கனக்கும். உடம்பு மந்தமாகும். கத்துக்கிட்டதெல்லாம் கைவிட்டுப் போற மாதிரி பயம் வரும். அந்தப் பயத்தை மட்டும் நம்பாதீங்க" என்று அன்றைக்கே எச்சரித்திருந்தாள்.

கேப்டன் எழுந்து, "அவ சொன்னா நான் சொன்ன மாதிரிடி. உட்காருன்னா உட்காரணும்" என்றாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். சொன்னவள்தான் உட்காரவில்லை. பயிற்சி சீக்கிரம் முடிந்த பகலில் அவள் யாருக்கும் தெரியாமல் அப்பாவின் பட்டறைக்குள் நுழைந்ததோடு போன வாரம் நிறுத்தினேன். ஞாபகம் இருக்கிறதா?

இப்போது விடிந்திருப்பது இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள்.

* * *

ஹாலில் காலை வேலை ஒன்று உண்டு. சுவரோரம் ஒரு கறுப்புப் பாய் விரித்திருக்கும். அதன் மேல் நின்று குதித்தால், எவ்வளவு உயரம் போனார்கள் என்று பக்கத்தில் இருக்கிற பெட்டியில் எண் விழும். உடம்பில் களைப்பு மிச்சம் இருந்தால் எண் இறங்கும். வடிந்துவிட்டால் ஏறும். பாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது.

அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் பெண் முதலில் ஏறினாள். வாயாடி என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். குதித்து இறங்கி எண்ணைப் பார்த்தாள்.

"தராசக்கா, இந்த ஹால் கூரையில ஒட்டடை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது. நான் போற உயரத்துக்கு ஒரு துடைப்பம் குடுங்க, அடிச்சுட்டு வந்துடறேன்."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி பின் ஒருத்தியாக ஏறினார்கள். எண்ணும் ஏறியது. இரண்டு வாரமாக முகத்தைத் தொங்கப் போட்டிருந்தவர்கள் எல்லாம் கயிறு அவிழ்த்த கன்று மாதிரி துள்ளினார்கள். சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கடைசியில் கேப்டன்.

குதித்தாள். நேற்றைவிடக் கீழே. நேற்று, முந்தாநாளைவிடக் கீழே இருந்தது.

"இன்னொரு தடவை குதிக்கிறேன்."

"வேண்டாம். இறங்கு."

"ஷூ சரியா கட்டலடி. இன்னொரு தடவை."

"அக்கா, இறங்கு."

பெரியவள் இறங்கினாள். இறங்குகிறபோது வலது காலை முழுசாக ஊன்றாமல் தரையில் வைத்தாள். சின்னவள் அப்போது எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலைப் பார்க்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அக்காவின் எண் இறங்கத் தொடங்கிய நாளிலிருந்து சின்னவள் ஒரு காரியம் செய்து வந்தாள். வயசு முப்பதைத் தாண்டின உடம்பு, களைப்பு சீக்கிரம் வடியாது, அதனால்தான் இறங்குகிறது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குக் குறைத்ததற்கு மேல் அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் குறைத்தாள். மறுநாளும் இறங்கியது. இன்னும் குறைத்தாள். இன்றைக்குக் குறைக்கவே ஒன்றும் மிச்சம் இல்லை.

"நீ இன்னிக்கு நெட் பக்கமே வர வேண்டாம். ஓரமா உட்கார்ந்து பாரு போதும்" என்றாள்.

பெரியவள் நெற்றிப் பட்டையைக் கழற்றிப் பிழிந்தாள். வேர்வையே இல்லாத பட்டை.

கோச் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குப் பெண்கள் வைத்த பெயர் விசில். குளிக்கும்போதுகூடக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டார் என்பது வாயாடியின் கண்டுபிடிப்பு.

"என்ன தராசு, ஊரே ஏறுது, உங்கக்கா மட்டும் இறங்கறா?"

"சிலருக்கு லேட்டா ஏறும் சார். நாளைக்குச் சரியாயிடும்."

"நாளைக்குத்தான் ஆட்டமே. நாளன்னிக்கு ஏறி என்ன பிரயோஜனம்?"

* * *

நடுப்பகலில் சின்னவள் பட்டறைக்குப் போனாள். எதற்குத் தெரியுமா? 'அக்கா வீட்டில் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள், நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா' என்று சொல்ல. பாலுக்குப் பூனையையே காவல் வைக்கப் போனாள் பாவம்.

பட்டறை ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே சங்கிலி குலுங்குகிற சத்தம். எஞ்சினைத் தூக்குகிற செயின் பிளாக் அப்படித்தான் சத்தம் போடும். ஆனால் எஞ்சின் தூக்குகிறவர்கள் நடுவில், "ம், இன்னும் ஒரு கண்ணி" என்று சொல்ல மாட்டார்கள்.

சின்னவளுக்கு அந்தக் குரலும் தெரியும், அந்த வார்த்தையும் தெரியும்; சின்ன வயசில் அக்காவும் அவளும் அப்பாவிடம் கேட்ட வார்த்தை. குனிந்து ஷட்டருக்குக் கீழே நுழைந்தாள்.

கொக்கியில் ஒரு பந்து வலைப்பையில் தொங்கியது. அப்பா சங்கிலியை இழுத்து அதை ஒரு கண்ணி மேலே ஏற்றினார். பெரியவள் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஓடிவந்து, எண்ணெய்க் கறை படிந்த சிமெண்ட் தரையை உதைத்து எழும்பி, பந்தை அறைந்தாள். பந்து சுழன்றது. கீழே வந்தவள் வலது காலை ஊன்றாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா எழும்பற. ஆனா இறங்கறப்ப ஏன் சாயற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. இன்னும் ஒரு கண்ணி ஏத்துங்க."

"ஏத்தாதீங்க" என்றாள் சின்னவள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். சங்கிலி கொஞ்ச நேரம் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாளா நடக்குது?"

அப்பா கைத்துணியில் கையைத் துடைத்தார். "நீ பாதியா வெட்டினயே, அப்பலேர்ந்து. வந்து கேட்டா. பெத்த பொண்ணு வந்து கேட்டா நான் ஷட்டரை இறக்கிக்கணுமா?"

"இது சிமெண்ட் தரைப்பா. மரத்தரை இல்ல."

"இந்தத் தரையிலதான் ரெண்டு பேரும் குதிக்கக் கத்துக்கிட்டீங்க. அப்ப ஒண்ணும் ஆகல."

"ஒருத்திக்கு முட்டி போச்சு. அவ இங்கதான் நிக்கறா."

அப்பா கைத்துணியை மடித்தார். மறுபடி விரித்தார். அப்புறம் மெதுவாக, "ஓடற வண்டி நின்னா பேட்டரி இறங்கிடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பெரிய ஆட்டத்துக்கு முன்னாடி பொண்ணை வீட்டுல உட்கார வைக்கச் சொன்னா எனக்கு எப்படிடி மனசு வரும்?" என்றார்.

"அவரை ஏன் கேக்கற? என்னைக் கேளு" என்றாள் பெரியவள். தூணை விடவில்லை.

"உன்னைத்தான் கேக்கறேன். கால் கனக்கும்னு நான் சொல்லலையா? எல்லாருக்கும் முன்னாடிதானே சொன்னேன்?"

"சொன்னே. கனத்துது. பயத்துல இங்க வந்தேன், ரெண்டு நாள்ல விட்டிருப்பேன். ஆனா நீ எனக்கு மட்டும் இன்னும் குறைச்சியேடி. வாயாடிக்குக் குறைக்கல, புதுசா வந்த குட்டிக்குக் குறைக்கல. எனக்கு மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமா. என்னை வெளிய உட்கார வைக்கறதுக்கு நீயும் விசிலும் சேர்ந்து பழக்கறீங்கன்னு நினைச்சேன்."

"உன் எண் இறங்கிச்சு. அதனாலதான் குறைச்சேன்."

"நீ குறைச்சே. அதனாலதான் நான் இங்க வந்தேன்."

"நீ இங்க வந்தே. அதனாலதான் எண்ணே…"

சின்னவள் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. தங்கை இறைத்து இறைத்துக் கொட்ட, அக்கா மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் எண்ணைப் பார்த்தவள் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, 'உனக்கு என்ன ஆச்சு, பயமா இருக்கா' என்று கேட்கவில்லை. பெட்டியிடம் கேட்டாள். அக்காவிடம் கேட்கவில்லை.

"ஷூவைக் கழட்டு."

"வேண்டாம்."

"கழட்டுன்னா கழட்டு."

பழைய டயரின் மேல் பெரியவளை உட்கார வைத்து, சாக்ஸை உருட்டி இறக்கினாள். குதிகாலுக்கு மேலே நரம்பு விரல் பருமன் இருக்க வேண்டியது. கயிற்றில் முடிச்சு விழுந்த மாதிரி தடித்திருந்தது. கட்டைவிரலை அதன் மேல் வைத்து, பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னாள். உள்ளே நறநறவென்றது. காய்ந்த தோலை மடிக்கிற மாதிரி.

"இந்தக் கால்ல மட்டும் நின்னு, குதிகாலைத் தூக்கு."

பெரியவள் எழுந்தாள். வாயை இறுக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. குதிகால் எழும்பவில்லை. மறுபடி முயன்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உட்காரு அக்கா."

"ஒரே ஒரு ஆட்டம் பாப்பா. பதினஞ்சு வருஷமா ஆடறேன், அந்தக் கோப்பையை நான் கையால தொட்டதில்ல. அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டாங்க. நாளைக்கு மட்டும் நிக்கட்டும். அப்புறம் இந்தக் காலை வெட்டி நீயே வச்சுக்கோ."

"விசில்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நாளைக்கு நீ எழும்பி இறங்கறப்ப இது அறுந்தா, அப்புறம் நீ மாடிப்படிகூட ஏற முடியாது."

பெரியவள் சாக்ஸை மேலே இழுத்துக்கொண்டாள்.

"சரி, காலைப் பத்திச் சொல்லு. எப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லாதே. அவளுங்களை உட்காருடின்னு சொன்னவ நான். என்னை நம்பி உட்கார்ந்தாளுங்க. இது தெரிஞ்சா அவளுங்க முகத்தில நான் எப்படி முழிப்பேன்? அதை மட்டும் எனக்கு விட்டுக்குடு."

சின்னவள் தலையை ஆட்டினாள். பாசத்தில் ஆட்டிய தலை. அதுதான் வினை ஆயிற்று.

* * *

சாயங்காலம். கோச்சின் அறை. மேஜையில் ஆறிப்போன டீ. டீம் டாக்டர் அப்போதுதான் பெரியவளின் காலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஊசி போட்டா நிப்பாளா?" என்றார் விசில்.

"வலி தெரியாது. வலி தெரியாம குதிச்சா, அறுந்ததும் தெரியாது. என் கையால அதைப் போட மாட்டேன்."

"நீ என்ன சொல்ற?"

"வேண்டாம் சார்" என்றாள் சின்னவள்.

விசில் நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர் இல்லை அந்த மனிதர். போன வருஷத் தோல்வியைச் சுமந்துகொண்டு திரிகிறவர்.

"சரி. அவ இல்ல. புதுக்குட்டியை இறக்கணும். அது போகட்டும். இது எப்படி ஆச்சு, அதைச் சொல்லு. ரெண்டு வாரமா அவளைப் பூப்போல வச்சிருந்தே. உட்கார்ந்திருக்கிறவளுக்குக் குதிகால் எப்படிப் போகும்?"

டாக்டரும் அதையே கேட்கிற மாதிரி பார்த்தார்.

சின்னவள் சுவரைப் பார்த்தாள். "என் தப்பு சார். அவளுக்கு நான் ரொம்ப குறைச்சுட்டேன். உடம்பு விட்டுப்போச்சு. அந்த நிலைமையில காலையில குதிக்க விட்டேன். அதுல பிடிச்சிருக்கும்."

டாக்டர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். விசிலின் முகம் மாறியது.

"அப்ப குறைச்சதுதான் தப்பு."

"அவளுக்கு மட்டும் சார். மத்தவங்க எல்லாரும் ஏறியிருக்காங்க, நீங்களே பார்த்தீங்க."

"பாயில ஏறியிருக்காங்க. இன்னிக்குக் காலையில வரைக்கும் உங்கக்காவும் சரியாயிடுவான்னுதான் சொன்னே. நான் ஒரு வருஷமா அந்த அஞ்சாவது செட்டைக் கனவு கண்டுட்டிருக்கேன் தெரியுமா? உன் பேச்சைக் கேட்டு ரெண்டு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். எல்லாருக்கும் உடம்பு விட்டுப்போயிருந்தா நாளைக்கு யார் பதில் சொல்றது?" எழுந்தார். "எல்லாரையும் கூப்பிடு. முழுப் பிராக்டிஸ். இருட்டற வரைக்கும்."

"சார், இன்னிக்குப் போய்…"

"கூப்பிடுன்னேன்."

நான் உங்களுக்கு என்ன சொல்ல. அக்காவின் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன ஒரு பொய், பத்துப் பெண்களின் காலில் வந்து விடிந்தது. இரண்டு வாரம் காத்துக் கொண்டுவந்த பலம் ஒரு சாயங்காலத்தில் கரைந்து போகும். உண்மையைச் சொன்னால் நிறுத்தலாம். சொன்னால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போகும். சின்னவள் நடைவழியில் நின்றாள், இந்தப் பக்கமும் போகாமல் அந்தப் பக்கமும் போகாமல்.

ஹாலில் விசில் சத்தம் கேட்டது. ஷூக்கள் மரத்தரையில் கிறீச்சிட்டன. பந்து அடிபடத் தொடங்கியது.

மருத்துவ அறையில் பெரியவள் காலை ஐஸ் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை உள்ளே வந்ததும் தலை நிமிர்ந்தாள்.

"என்னடி சத்தம்? இன்னிக்கு சர்வீஸ் போட்டுப் பாக்கறது மட்டும்தானே?"

"முழுப் பிராக்டிஸ்."

"யார் சொன்னது?"

"நான் பொய் சொன்னேன் அக்கா. நான் ரொம்ப குறைச்சதால உனக்கு இப்படி ஆச்சுன்னு. அவர் நம்பிட்டார்."

பெரியவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் காது தங்கையிடம் இல்லை, ஹாலில் இருந்தது. குதித்து இறங்குகிற சத்தம். ஒவ்வொரு சத்தமும் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அது வாயாடி. அது புதுக்குட்டி, எப்போதும் இரண்டு காலையும் சேர்த்து தொப்பென்று இறங்குவாள். நாளை தன் இடத்தில் ஆடப்போகிறவள்.

"சேரைப் பிடி" என்றாள். ஈரக் காலோடு எழுந்தாள். தங்கையின் தோளைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள். மரத்தரையில் ஒற்றைக் காலின் ஈரத்தடம் அவள் பின்னாலேயே வந்தது.

"சார், நிறுத்தச் சொல்லுங்க."

விசில் திரும்பினார். பெண்கள் நின்றார்கள். பந்து ஒன்று உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"அவ சொன்னது பொய். எனக்காகச் சொன்னா. நான் தினமும் இங்கிருந்து போய் எங்கப்பா பட்டறையில குதிச்சேன். சிமெண்ட் தரையில. அதனாலதான் கால் போச்சு. குறைச்சதால இல்ல." மூச்சு வாங்கினாள். "உங்களை உட்காரச் சொல்லிட்டு நான் உட்காரல. உங்க காலெல்லாம் நல்லா இருக்குடி. இன்னிக்கு அதைக் கெடுத்துக்காதீங்க. அவ்வளவுதான்."

பெண்கள் அவரவர் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆத்திரப்பட்டுக் கத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் வாயாடிதான் வாயைத் திறந்தாள். சிரிப்பில்லாமல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"ரெண்டு வாரமா பயத்துல எனக்குச் சாப்பாடு இறங்கல கேப்டன். எல்லாம் மறந்துபோச்சு, விரல் மரத்துப்போச்சுன்னு அழுதேன். எங்க வீட்டுல மூணாவது மாடிக்குப் படியேறாம லிஃப்டுக்கு நின்னேன். எதுக்கு? நீங்க சொன்னீங்கன்னு."

"தெரியும்."

"நாளைக்கு எங்க பெஞ்சுல உட்காராதீங்க. உங்களைப் பார்த்தா எனக்குக் கை ஓடாது."

பெரியவள் கோச்சைப் பார்த்தாள். அவர் அந்தப் பெண்ணை அதட்டுவார் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவர் அதட்டவில்லை. கழுத்து விசிலை விரலால் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "பந்தையெல்லாம் எடுத்து வைங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். சின்னவளைத் தாண்டிப் போகும்போது நின்று, தணிந்த குரலில் சொன்னார்: "நீ என்கிட்ட பொய் சொன்னே. நாளைக்கு முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

பெண்கள் பந்துக்கூடையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். புதுக்குட்டி மட்டும் கேப்டனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாரோ கையைப் பிடித்து இழுத்ததும் அதுவும் போய்விட்டது.

அவர்கள் அரை மணி குதித்திருப்பார்கள். அந்த அரை மணி எவ்வளவைத் தின்றது என்று நாளைக்குத்தான் தெரியும்.

* * *

வீடு மாடியில். கீழே கடை, பக்கவாட்டில் குறுகலான படி, இரும்புக் கைப்பிடி. அப்பா பட்டறையைச் சாத்திவிட்டு வந்து கீழ்ப் படியிலேயே காத்திருந்தார். யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து வழிவிட்டார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

பெரியவள் அவரைத் தாண்டிப் படிக்குப் போனாள். சின்னவள்தான், "ஆட முடியாது" என்றாள்.

"ஊசி கீசி போட்டு…"

"அப்பா" என்றாள் சின்னவள். அவர் நிறுத்திக்கொண்டார்.

பெரியவள் முதல் படியில் கால் வைத்துப் பார்த்தாள். முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துத் திரும்பி, படியில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, நல்ல காலால் உந்தி, ஒரு படி மேலே நகர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த படி. அதற்கடுத்தது. அப்படி ஏறினால் முகம் கீழ்நோக்கித்தானே இருக்கும். கீழே அப்பா நின்றார். ஒவ்வொரு படிக்கும் மகளுடைய முகத்தை அவர் பார்க்க வேண்டியிருந்தது. அவளும் பார்த்தாள்.

நடுவழியில் அவளுக்கு மூச்சு முட்டியது. அப்பா விடுவிடுவென்று ஏறிவந்து இரண்டு கையையும் நீட்டினார். எஞ்சின் தூக்கிப் பழகிய கை. மகளைத் தூக்குவது அதற்கு ஒரு பாரமா?

"நான் தூக்கிக்கிறேன் கண்ணு."

"வேண்டாம்பா." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. "நீங்க என்னைத் தூக்கினது போதும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அப்புறம் அவர் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போனார். கடைவாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் குலுங்கியது சின்னவளுக்குத் தெரிந்தது. அவரிடம் போவதா, அக்காவிடம் போவதா? இன்றைக்கு இரண்டாவது தடவையாக அவள் நடுவில் நின்றாள். பிறகு அக்காவுக்குப் பின்னால் ஏறினாள்.

மேல்படியில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் கறுத்திருந்தன. தங்கை பக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தோளோடு தோள் இடித்தது. தள்ளி உட்காரவில்லை, சாயவும் இல்லை.

"என் மேல கோபமா?"

"தெரியல."

"நான் ஒரு நாளாவது உன்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருப்பேன்." பெரியவள் முழங்காலில் கையைத் துடைத்தாள். "அவளுங்க கால் நல்லா இருந்துதா? நீ பார்த்தியா? அந்தக் குட்டி நல்லா எழும்பறாளா?"

"எழும்பறா. உன் உயரம் வரும்."

பெரியவள் தலையை அசைத்தாள். அப்புறம் கேட்டாள். கேட்ட குரல், வழி தெரியாத ஊரில் யாரிடமோ கேட்கிற குரல்.

"பாப்பா, நாளைக்கு நான் ஹாலுக்கு எந்தக் கதவு வழியா வரணும்? ஆடறவங்க கதவா, பார்க்கறவங்க கதவா?"

பதினைந்து வருஷம் ஒரே கதவு வழியாகப் போனவள் கேட்கிறாள். எல்லாவற்றையும் அளந்து சொல்கிற சின்னவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

எனக்கும் இன்றைக்குத் தெரியவில்லை, கண்ணுங்களா. நீங்களும் அதை மனசில் வைத்துக்கொண்டு எழுந்து போங்கள். போகும் முன் தலையைக் கொடுங்கள், கை வைத்து வாழ்த்துகிறேன். உங்கள் வீட்டில் ஓடுகிற கால்களுக்கெல்லாம் உட்கார நேரம் வாய்க்கட்டும். உட்கார்ந்தவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லாதிருக்கட்டும். பயந்தவர்கள் வாய்விட்டுச் சொல்லவும், பக்கத்தில் இருக்கிறவர்கள் காது கொடுத்துக் கேட்கவும் உங்கள் வாசலுக்குள் இடம் இருக்கட்டும். பெற்றவர்கள் கை பிள்ளைகளுக்குப் பாரமாகாமல் இருக்கட்டும். நல்லா இருங்கள்.